வெண்டல் சும்மா சுற்றப் போன நாள்

என் அத்தான் வெண்டல் அராகாகிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஹொனலூலு நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் பாதி ஆயுளைக் கழித்த மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். அக்காவின் கல்யாணத்தின்போது நானும் அவரைச் சாதுவான ஆள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் அவர் வண்டியில் காலிஹியிலிருந்து அலா மொவானா வரை போனேன். வழியில் எத்தனை பாலம் உண்டோ அத்தனை பாலத்திலும் அவர் கழுத்து தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. சிவப்பு விளக்கில் நின்றால் ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன. துறைமுக ஓரத்தில் தண்ணீர் ஒரு திட்டு மட்டும் கறுத்துக் கிடந்தது. குட்டி மீன் கூட்டம் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்தவர் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை.

"டிரைவர், விளக்கு மாறி ரொம்ப நேரமாச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார்.

"சாரி அங்கிள்" என்றார் அத்தான். கண் மட்டும் தண்ணீரிலேயே இருந்தது.

எங்கள் ஊரில் மீனுக்காகப் படகேறிப் போக வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிறது. பட்டறைகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில், கடைவீதியை ஒட்டிய ஓடையில், சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு கடக்கிற நடைபாலத்துக்குக் கீழே. எந்த இடம், கடலின் எந்த ஏற்றத்துக்கு, எந்த இரை என்பதில்தான் சூட்சுமம். அத்தானுக்கு இது எல்லாம் அத்துப்படி. ஆனால் அரைமணி நேரம் ஓரிடத்தில் நிற்க மாட்டார். இங்கே கடித்தால் அங்கே இன்னும் நன்றாகக் கடிக்கும் என்று மனசு அரிக்கும். தூண்டிலைச் சுருட்டி பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்குப் பறப்பார். அவர் பிடித்த மீனைவிட அதற்காக எரித்த பெட்ரோல் அதிகம் என்று நான் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். கோபமே வராது. காதில் விழுந்தால்தானே வரும்!

ஒரு விஷயத்தில் மட்டும் வரும். எங்கள் ஊரில் யாரும் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சொன்னால் மீனுக்குக் கேட்டுவிடும். தூண்டில், ஐஸ் பெட்டி, வலைப்பை எல்லாவற்றையும் கண்ணெதிரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்பார்கள். வீட்டிலிருப்பவர்கள் சரி என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கே என்று கேட்கக்கூடாது. தப்பித்தவறி "மீன் பிடிக்கவா?" என்று வாயை விட்டால் அன்றைய நாள் போச்சு. தண்ணீரில் தூண்டில் போட்ட பிறகு கேட்டாலும் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அராகாகி வீட்டுச் சட்டம். தீவுக்கு வெளியே, பெருநிலத்திலிருந்து வந்த அவருடைய மாப்பிள்ளை ஒருநாள் காலையில் தெரியாமல் கேட்டுவிட்டான். அத்தான் ஏற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். அன்று முழுவதும் கழுவிய வண்டியையே திரும்பத் திரும்பக் கழுவினார். மாப்பிள்ளை இன்றுவரை அவர் முன்னால் மீன் என்ற சொல்லையே எடுப்பதில்லை.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. முதலில் கிடைக்கிற மீனை வைத்துக்கொள்ளக்கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். தூண்டில் இருக்கிற வண்டியில் வாழைப்பழம் இருக்கவே கூடாது. என் அக்கா நோரீன் இது எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டுத்தான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினாள். அந்தக் கேள்வியை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நானாக இருந்தால் முதல் வாரமே கேட்டிருப்பேன்.

அத்தானுக்கு ரோட்னி என்று ஓர் அண்ணன். குணத்தில் நேர் எதிர். உட்கார்ந்தால் எழ மாட்டார், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இவர்கள் இருவரும் சேர்ந்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். டயர் கடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பாலம்; ஏற்றம் திரும்புகிற நேரத்தில் அதன் கீழே பாரை மீன் வரும். எந்தப் பாலம் என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் சொல்ல மாட்டேன். அத்தான் அரைமணிக்கு மேல் நின்ற ஒரே இடம் அதுதான்.

ரோட்னி ஒருநாள் அங்கே கை நீளத்துக்கு ஒரு பாரையைப் பிடித்தார். சந்தோஷம் தாங்கவில்லை. படம் எடுத்து ஊருக்கெல்லாம் போனில் அனுப்பிவிட்டார். இடத்தின் பெயரை எழுதவில்லைதான். ஆனால் அவர் தோளுக்குப் பின்னால் டயர் கடையின் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பாதி போதும். அந்த வாரமே பாலத்தில் முழங்கை வைக்க இடமில்லை. கொஞ்ச நாளில் மீனும் இல்லை. பிறகு ஆட்களும் வருவதில்லை.

அத்தான் அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. "அங்க மறுபடி மீன் வர்ற அன்னைக்குத்தான்டா உன் மூஞ்சில முழிப்பேன்!"

"போடா! உன் மூஞ்சிய நீயே வச்சுக்க!" என்றார் ரோட்னி.

அவ்வளவுதான். வருஷங்கள் ஓடிவிட்டன. அப்பா அம்மா கல்லறைக்கு ஒருவர் காலையில் போனால் மற்றவர் சாயங்காலம் போவார். ஒரு மீனுக்காகவா இத்தனையும் என்று கேட்டு நான் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை அக்கா என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "லோரி, உடனே கார எடுத்துட்டு வா. ரோட்னிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரில இருக்காராம். மூணு மணிக்கு ஆபரேஷன்."

"அத்தான் எங்க?"

"சுத்தப் போயிருக்காரு."

"போன் பண்ணு."

"போன் இதோ, சமையல் மேடைல இருக்கு."

போன் மணி மீனை விரட்டிவிடுமாம், அதனால் எப்போதும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தெருவிலேயே நின்றிருந்தாள். ரோட்னியின் மனைவி டார்லின் அழுதுகொண்டே இரண்டு வார்த்தைதான் பேசினாளாம்: பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார், மயக்க மருந்து கொடுப்பதற்குள் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"எங்கன்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கே என்று யார் கேட்டார்கள், அவர் சொல்ல? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதன் எங்கே போகிறான் என்றுகூடத் தெரியாமல் அனுப்பி வைக்கிற ஊர் வேறெங்காவது இருக்குமா!

முதலில் கபாலாமா கால்வாய். கரையில் ஒரு இளைஞன் இரண்டு தூண்டில் போட்டு நின்றிருந்தான். நான் கார் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன். "தம்பி, வெண்டல் அராகாகின்னு ஒருத்தர், வெள்ள பிக்கப், மீன் பிடிக்க இங்க வந்தாரா?"

அவன் முகம் செத்துவிட்டது. "ஆன்டி... இப்பதான் ஆன்டி வந்து நின்னேன்" என்றான் அழாக்குறையாக. இரண்டு தூண்டிலையும் சுருட்டத் தொடங்கினான். இந்தப் பைத்தியம் எங்கள் வீட்டோடு நிற்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"நீ வாயத் தெறக்காத" என்றாள் அக்கா. "கார மட்டும் ஓட்டு."

அடுத்து கடைவீதி ஓடை. அங்கே இருந்த ஆள், வெண்டல் இப்போதுதான் மேற்கே போனார் என்றான். அவன் சொன்ன தோரணையிலேயே தெரிந்தது, ஒன்று கிழக்கே போயிருப்பார், அல்லது வந்திருக்கவே மாட்டார். ஒரு மீன்காரனை இன்னொரு மீன்காரன் காட்டிக்கொடுக்க மாட்டான். போலீஸ் வந்து கேட்டாலும் பொய்தான் சொல்வான், பெண்டாட்டி கேட்டால் சொல்லவே வேண்டாம். கெவாலோ படகுத்துறையில் ஒருவன் தோளைக் குலுக்கினான். இன்னொருவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, எனக்கு யாரையும் தெரியாது என்றான். அத்தானின் பிறந்தநாளுக்கு வந்து மூன்று தட்டு சாப்பிட்ட ஆள் அவன்.

வெயில் ஏறியது. அக்கா வாட்சைப் பார்ப்பதும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுமாக இருந்தாள். அலா மொவானா பூங்காவில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே தொடையளவு தண்ணீரில் மூங்கில் கோலோடு ஒரு வரிசை ஆட்கள் நின்றிருந்தார்கள். ஓவாமா என்கிற விரல் நீளக் குஞ்சு மீன் வருகிற பருவம் அது. கரையில் குடை பிடித்தபடி அக்பயானி ஆன்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடற்கரைக்கே அவள்தான் தலைவி.

"ஆன்டி, வெண்டல் வந்தாரா?" என்றாள் அக்கா.

"எந்த வெண்டல்?"

அவள் உட்கார்ந்திருந்தது நீலநிற ஐஸ் பெட்டி. மூடியில் பெரிய எழுத்தில் அராகாகி என்று எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

"ஆன்டி, நீங்க உக்காந்திருக்கிறதே அவர் பெட்டி மேலதான்" என்றேன்.

ஆன்டி குனிந்து பார்த்தாள். "ஓ, அந்த வெண்டலா?" என்றாள் கொஞ்சமும் கூசாமல்.

அக்கா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆன்டி, அவரோட அண்ணன் ஆஸ்பத்திரில இருக்காரு. இவரப் பாக்கணும்னு துடிக்கிறாரு. பொழைப்பாரோ மாட்டாரோ."

ஆன்டி குடையை மடக்கினாள். "விடியற நேரத்துல வந்தான் உன் புருஷன். மூஞ்சியே நல்லால்ல. உசுரோட நாலு ஓவாமா குடுங்க ஆன்டின்னு வாங்கினான். பெட்டிய இங்கயே போட்டுட்டான். ஏன்டான்னேன். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு போதும், பெட்டி எதுக்குன்னான். உன் புருஷன் என்னைக்கு ஒண்ணோட நின்னான்?"

"எங்க போறேன்னு சொன்னாரா?"

"நான் கேக்கல. அத எப்படிக் கேக்கறது?" என்றாள் ஆன்டி.

அந்த நேரத்தில் டார்லின் மறுபடி கூப்பிட்டாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள். "இன்னும் வரலையா? விடியறதுக்கு முன்னாடியே வெண்டலுக்கு நானே சொல்லிட்டேனே! 'ம்'னுட்டு வச்சுட்டாரே நோரீன்!"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. தெரிந்துதான் போயிருக்கிறார்! கூடப்பிறந்தவன் சாகக் கிடக்கிறான் என்று தெரிந்தும், பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சும்மா சுற்றிவிட்டு வருகிறேன் என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "இந்த ஆளுக்கு நெஞ்சுல என்ன இருக்கு, ஈயக்குண்டா?" என்று நடுப்பூங்காவில் நின்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மூங்கில் கோல்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா காருக்குள் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "உசுரோட ஓவாமா பாரைக்குத்தான் போடுவாங்க" என்றாள். "டயர் கடைக்கு விடு."

"அங்கதான் மீனே கெடையாதே!"

"விடு லோரி."

வெள்ளை பிக்கப் டயர் கடைக்குப் பின்னால் நின்றிருந்தது. பாலத்தில் வேறு யாரும் இல்லை. அத்தான் கைப்பிடியில் சாய்ந்து, நூலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கழுத்தின் பின்புறம் வெயிலில் சிவந்து கன்றிப்போயிருந்தது. அவ்வளவு நேரமும் அங்கேயேதான் நின்றிருக்கிறார். அத்தான் அசையாமல் நிற்பதை நான் பார்த்ததே இல்லை.

"அவருக்கு மூணு மணிக்கு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"தெரியும்."

"கெளம்புங்க."

"ஒண்ணு கடிக்கட்டும்."

"இங்க எங்க கடிக்கப் போகுது?"

"ஏற்றம் திரும்புது. இன்னும் ஒரு ஓவாமா இருக்கு." நூலை விரலால் தடவினார். "மீன் வந்தாத்தான் மூஞ்சில முழிப்பேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த வீம்ப இப்பவா புடிக்கணும் அத்தான்? அவரு போயிட்டா?"

அவர் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. "வீம்பு இல்ல லோரி. நான் வெறுங்கையோட போய் நின்னா அவன் என்ன நெனைப்பான்? தம்பியே வந்துட்டான், அப்ப நான் சாகத்தான் போறேன்னு நெனைப்பான். அந்த நெனைப்போடயா உள்ள போகணும்? கையில ஒரு மீன் இருந்தா, மீனுக்காக வந்தான்னு ஆகும்."

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கீழே தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் பை மெதுவாக மிதந்து போயிற்று. நூல் அசையவில்லை. அவருக்கு மீன் கடிக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நானும் வேண்டிக்கொண்டேன்.

அக்கா வாட்சைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய், தோளோடு தோள் உரச நின்றாள். தண்ணீருக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"மீன் பிடிக்கிறீங்களா?"

அத்தான் அவளை வெறித்துப் பார்த்தார். யாரோ அறைந்த மாதிரி இருந்தது அவர் முகம். கொஞ்ச நேரம் நூலின் மேல் விரல் அப்படியே இருந்தது. பிறகு ரீலைச் சுற்ற ஆரம்பித்தார். முள்ளில் இருந்த ஓவாமா இன்னும் உயிரோடிருந்தது. அதைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். வாளியில் மிச்சமிருந்த ஒன்றையும் கவிழ்த்தார். மூன்று பேரும் என் காரில் ஏறினோம்.

இரண்டு தெரு தாண்டியதும் அவர் மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசனை இது?"

எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டார்லினுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டிலிருந்து எடுத்து வந்த ரொட்டி பின் இருக்கையில், அவர் பக்கத்திலேயே இருந்தது. "வாழைப்பழ ரொட்டி" என்றேன் மெல்ல.

"அதான் காலைலேருந்து ஒண்ணும் கடிக்கல!"

"கார் ஊரு பூரா சுத்திட்டு இப்பதான் அத்தான் அங்க வந்துச்சு!"

"மீனுக்குத் தெரியும்" என்றார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை மூடி அழுதாள். அவர் முன்னால் சாய்ந்து அவள் தோளில் கை வைத்தார். ஆஸ்பத்திரி வரும்வரை எடுக்கவில்லை.

ரோட்னியைத் தள்ளுபடுக்கையில் ஏற்றி நடைவழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆள் பாதியாகியிருந்தார். தாதி, ஒரு நிமிஷம்தான் என்றாள். அத்தான் படுக்கையருகே போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டார், எடுத்தார்.

"எங்கடா போயிருந்த?" என்றார் ரோட்னி. குரல் காற்றாக வந்தது.

"சும்மா ஒரு சுத்து."

"எதுக்கு வந்த?"

"அங்க மீன் திரும்பி வந்துடுச்சு" என்றார் அத்தான்.

ரோட்னி அவரையே பார்த்தார். "பாரையா?"

"பாரைதான். இவ்ளோ நீளம்."

"எங்க?"

"மொத மீன் இல்லையா? அக்பயானி ஆன்டிக்குக் குடுத்துட்டேன்."

தாதி படுக்கையின் பூட்டை எடுத்தாள். ரோட்னி கையை நீட்டி அத்தானின் சட்டை நுனியைப் பிடித்தார். தம்பியை எத்தனை வருஷமாகத் தெரியும் அவருக்கு! அந்தப் பொய்யை அவர் நம்பியிருக்க வழியே இல்லை.

"நல்லதாப் போச்சு" என்றார். "யாருகிட்டயும் சொல்லாதடா."

கதவு சாத்தியதும் அத்தானால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இருட்டும்வரை அந்த நடைவழியில் ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்கு நடந்துகொண்டே இருந்தார். எதிலிருந்து பார்த்தாலும் துறைமுகத் தண்ணீர் கொஞ்சம் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை.

ரோட்னி பிழைத்தார். ஆனால் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தான் அவரை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய், பாலத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. இருவரும் தூண்டில் போட்டிருப்பார்கள். ஒரு மீன்கூடக் கிடைப்பதில்லை. போகிற வருகிறவர்கள் ஏதாவது உண்டா என்று கேட்டால், இருவரும் சேர்ந்தாற்போல இல்லை என்பார்கள். சத்தியமான உண்மை.

எங்கள் ஊரில் எந்த மீன்காரன் உண்மை சொல்லியிருக்கிறான்? இவர்கள் இல்லை என்றதையே எல்லோரும் உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். போன ஞாயிறு நான் சாப்பாட்டோடு போனபோது பாலத்தின் கைப்பிடி முழுக்கத் தூண்டில். கபாலாமாவில் பார்த்த அந்த இளைஞன்கூட வந்திருந்தான்; என்னைக் கண்டதும் மறுகோடிக்கு நகர்ந்துகொண்டான். அத்தான் கூட்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

ரோட்னி பதறிப்போய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "டேய், இந்தத் தடவ நான் வாயே தெறக்கலடா!"

"தெரியும். உக்காரு" என்று அவர் தோளை அழுத்தினார் அத்தான். வண்டியிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து அண்ணன் பக்கத்தில் விரித்துப் போட்டு, தானும் உட்கார்ந்தார்.